உங்களுக்குத் தெரியுமா? கரிசல் காட்டில் ஆங்கிலப் பத்திகள்

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை வரை உள்ள ஊர்களில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. கணக்கில் கெட்டிக்காரர்கள், பொது அறிவில் சளைக்காதவர்கள். மதிப்பெண் கழிவது ஆங்கிலத்தில்தான், அதிலும் இரண்டு இடங்களில். ஒன்று, பத்தியைப் படித்து விடை சொல்லும் பகுதி. இன்னொன்று, எழுத்திலோ ஒலியிலோ ஒன்றுபோல் இருந்து குழப்பும் சொற்கள். இந்த வாரத் துணுக்குகள் அவர்களுக்காக.

● கோவில்பட்டிக்காரர்களுக்கு ‘மேட்ச்’ என்றால் ஒரே நேரத்தில் மூன்று நினைவு வரும். தீப்பெட்டி ஆபீஸ், ஹாக்கி ஆட்டம், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பொருத்தம். மூன்றுக்கும் ஒரே எழுத்துக் கோவை என்றாலும் மூன்றும் ஒரு வேரிலிருந்து வந்தவை அல்ல. தீக்குச்சியைக் குறிக்கும் ‘மேட்ச்’ விளக்குத்திரியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆட்டமும் பொருத்தமும் ‘இணை, துணை’ என்னும் பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லின் வாரிசுகள். எதிரணி என்பது சமமான இணை என்பதால் ஆட்டத்துக்கும் அந்தப் பெயர். பத்தியில் இந்தச் சொல் வந்தால் எது என்று சொல்லப்போவது அகராதி அல்ல, பக்கத்துச் சொற்கள். மருந்து, குச்சி, பெட்டி என்று வந்தால் ஒன்று. கோல், அரையிறுதி என்று வந்தால் வேறு.

● தீப்பெட்டி வட்டாரத்துப் பிள்ளைகள் உயிர்க்காப்புப் பாடமாகவே படிக்க வேண்டிய ஒரு ஜோடி உண்டு. ‘ஃப்ளேமபிள்’ என்றால் எளிதில் தீப்பற்றும். அப்படியானால் ‘இன்ஃப்ளேமபிள்’ என்றால்? தீப்பற்றாது என்று நினைப்பவர்கள் பலர். இல்லை, அதுவும் எளிதில் தீப்பற்றும் என்பதுதான். ‘இன்கம்ப்ளீட்’, ‘இன்கரெக்ட்’ ஆகியவற்றில் எதிர்மறையாக நிற்கும் ‘இன்’ இங்கே எதிர்மறை இல்லை. ‘தீ மூட்டு’ என்னும் லத்தீன் வினையோடு ஒட்டிவந்தது அது. தூத்துக்குடி சாலையில் போகும் டேங்கர் லாரிகளின் பின்னால் எழுதியிருப்பது இந்தச் சொல்தான். இதைத் தவறாகப் படித்து யாரும் ஆபத்தில் மாட்டக்கூடாது என்றுதான் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களில், ‘இன்’னை விட்டுவிட்டு ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதுங்கள் என்று வலியுறுத்தியது. தீப்பற்றாது என்பதற்கு ‘நான்-ஃப்ளேமபிள்’.

● இதே போல் இன்னொன்று. பெஞ்சமின் லீ வொர்ஃப் என்ற புகழ்பெற்ற மொழியியலாளர் பிழைப்புக்குப் பார்த்தது தீவிபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பொறியாளர் வேலை. விபத்து அறிக்கைகளைப் படிக்கப் படிக்க அவருக்கு ஒன்று பிடிபட்டது. பெட்ரோல் நிறைந்த பீப்பாய்களிடம் கவனமாக நடந்துகொள்ளும் தொழிலாளர்கள், ‘காலி’ என்று எழுதிய பீப்பாய்களின் பக்கத்தில் தைரியமாகச் சிகரெட் பிடித்தார்கள். காலிப் பீப்பாய்க்குள் தங்கியிருக்கும் ஆவிதான் அதிக ஆபத்து. ‘காலி’ என்ற சொல்லை எல்லோரும் படித்தார்கள், அது எதைக் குறித்தது என்பதைப் படிக்கவில்லை. வாசித்தலுக்கும் புரிதலுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் காட்ட இதைவிடக் கடுமையான உதாரணம் எனக்குத் தெரியாது.

● நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாமுறையின் தொடக்க கால வரலாற்றிலேயே வாசிப்புத் தேர்வு இருக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஃப்ரெடரிக் கெல்லி 1915இல் உருவாக்கிய மௌன வாசிப்புத் தேர்வு அது. திருத்துகிறவரின் மனப்போக்கு மதிப்பெண்ணைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பது அவர் எண்ணம்.

● அடுத்த இரண்டே ஆண்டில், 1917இல், எட்வர்ட் தார்ண்டைக் என்ற உளவியலாளர் பிள்ளைகள் பத்தி படிக்கும்போது செய்யும் தவறுகளை மட்டும் திரட்டி ஒரு கட்டுரை எழுதினார். ஓர் ஊரில் 7 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வரவேண்டும், இன்னின்ன காரணம் இருந்தால் வராமல் இருக்கலாம் என்று சொல்லும் ஒரு பத்தியையும் அவர் கொடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்த பிள்ளைகளும் தடுமாறினார்கள். காரணம், பத்தியில் ஒரு சொல் பளிச்சென்று கண்ணில் பட்டுவிட்டால் அதையே பிடித்துக்கொண்டு விடையைக் கட்டிவிட்டார்கள். ‘தவிர’, ‘ஆனால்’, ‘அல்லது’ போன்ற சிறு சொற்களுக்கு உரிய எடையைக் கொடுக்கவில்லை. பத்தியைப் படிப்பது கணக்குப் போடுவதைப் போன்ற வேலை, எதற்கு எவ்வளவு எடை என்று மனம் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றார் அவர்.

நூறாண்டு கழிந்தும் இன்றைய வினாத்தாளில் நம் பிள்ளைகள் சறுக்கும் இடம் இதுவேதான். ‘அக்செப்ட்’ என்றால் ஏற்றுக்கொள், ‘எக்செப்ட்’ என்றால் தவிர. ‘இவற்றுள் எதைத் தவிர மற்றவை சரி’ என்று கேட்கும் கேள்வியில் அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விட்டால், பத்தி முழுவதும் புரிந்திருந்தும் விடை தப்பு.

● எழுத்து மயக்கம் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ண, ன, ந, ல, ள, ழ, ர, ற என்று மயங்கொலி எழுத்துகள் எட்டு என ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகமே சொல்லித்தருகிறது. அரம் எது, அறம் எது, மணம் எது, மனம் எது என்று பிரித்தறியப் பழகிய கண், ஒன்றுபோல் இருக்கும் ஆங்கிலச் சொற்களையும் பிரித்தறியும். அந்தத் தன்னம்பிக்கையை முதலில் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். ஆங்கிலம் வராது என்று சொல்லிச் சொல்லியே வராமல் செய்திருக்கிறோம்.

● ஆனால் தமிழ் எழுத்திலேயே ஆங்கிலத்தை எழுதிப் படிக்கும் வழக்கம் சில புதிய குழப்பங்களை உண்டாக்குகிறது. தங்கமும் ‘கோல்டு’, குளிரும் ‘கோல்டு’. முதுகும் ‘பேக்’, பையும் ‘பேக்’. ஆடும் ‘கோட்’, மேல்சட்டையும் ‘கோட்’. தமிழில் க, ச, ட, த, ப ஆகியவை நிற்கும் இடத்தைப் பொறுத்து வல்லொலியாகவோ மெல்லிய ஒலியாகவோ ஒலிக்கும், அதற்குத் தனித்தனி எழுத்து வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடுதான் பொருளையே மாற்றுகிறது. ஆங்கில எழுத்துகளின் பெயர்களில்கூட நான்காவதும் ‘டி’, இருபதாவதும் ‘டி’ என்றுதானே எழுதுகிறோம்! பசுவந்தனையை ஆங்கிலத்தில் ‘தந்தனா’வின் முதல் ‘த’வைப் போலவும் எழுதுகிறார்கள், இரண்டாவது ‘த’வைப் போலவும் எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே ஊர்தான்.

இதற்கு ஒரு வழி: பையைச் சொல்லும்போது நடு உயிரைச் சற்று நீட்டிச் சொல்லுங்கள், முதுகைச் சொல்லும்போது வெட்டிச் சொல்லுங்கள். ஆங்கிலேயர் வாயில் இந்த இரண்டும் பிரிவது பெரும்பாலும் அந்த நீட்டலால்தான்.

● ‘பிரின்சிபல்’ இரண்டு. பள்ளி முதல்வருக்கு முடிவில் ஏ, எல். கொள்கை என்னும் பொருளுக்கு முடிவில் எல், ஈ. கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன் தாளில் வட்டியோடு சேர்ந்து வருவது எது? முதல்வருக்கு உரியதே. கடனின் அசலும் ‘பிரின்சிபல்’தான். தமிழில் முதல், முதல்வர் என்று இரண்டும் ஒரே சொல்லில் நிற்பதை நினைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் மறக்காது.

● நின்ற இடத்தில் நிற்பதும் ‘ஸ்டேஷனரி’, காகிதம் பேனா விற்பதும் ‘ஸ்டேஷனரி’. முன்னதில் கடைசிக்கு முந்திய உயிர் ஏ, பின்னதில் ஈ. இரண்டும் உறவுக்காரச் சொற்கள். இடைக்கால ஐரோப்பாவில் தெருத்தெருவாகக் கூவி விற்றவர்களுக்கு மாறாக, ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டவர்கள் புத்தக வியாபாரிகள். அதனால் அவர்களுக்கு ‘ஸ்டேஷனர்’ என்று பெயர் வந்தது.

● டி-க்கு அடுத்து ஐ வந்தால் நாட்குறிப்பு, ஏ வந்தால் பால்பண்ணை. டைரியும் டெய்ரியும் அவ்வளவுதான்.

● ‘டெசர்ட்’ என்றால் பாலைவனம், ஒரு எஸ். விருந்துக்குப் பின் சாப்பிடும் இனிப்புக்கு இரண்டு எஸ், அழுத்தம் பின்னால் விழும். இதை எல்லாப் புத்தகமும் சொல்லும். சொல்லாமல் விடுவது: ‘கைவிட்டுப் போ’ என்ற வினைச்சொல்லுக்கு எழுத்து பாலைவனத்துடையது, ஒலி இனிப்புடையது. ஓடிப்போன சிப்பாயைப் பற்றிய பத்தியில் இதைப் பார்த்துவிட்டுப் பாலைவனம் என்று எழுதிவிடக்கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரிசல் வறண்ட பூமி, ஆனால் பாலைவனம் அல்ல. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்தால் உளுந்தும் பாசிப்பயறும் பருத்தியும் கம்பும் கொடுக்கிற மண் அது. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ‘ட்ரை லேண்ட்’, ‘ரெயின்ஃபெட்’ என்ற சொற்கள் இருக்கின்றன. பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது அவற்றை எழுதட்டும்.

● பெயரில் பசுவைத் தாங்கிய ஊர்க்காரர்கள் நன்னூலை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய அந்த இலக்கண நூல், மாணவர்களை எட்டுப் பொருள்களோடு ஒப்பிடுகிறது. முதல் வரிசை அன்னத்துக்கும் பசுவுக்கும். பசு புல் கண்ட இடத்தில் வயிறு நிறைய மேய்ந்துவிட்டு, பிறகு ஓரிடத்தில் படுத்து அசைபோடுகிறது. நடு வரிசையில் கிளியும் மண்ணும் வருகின்றன. உழைத்த அளவுக்கு விளைவு தருவது மண். ஒரு செடியிலும் நிலைக்காமல் தழைக்குத் தழை தாவும் ஆட்டுக்குக் கடைசி வரிசை. ஒரு கைடை முடிக்காமல் அடுத்த கைடை வாங்குகிறவர்கள் கவனிக்க.

கேட்டதை நினைத்துப் பார்ப்பது, உடன் படிப்பவரோடு பழகிப் பேசுவது, கேள்வி கேட்பது, கேட்ட கேள்விக்கு விடை சொல்வது ஆகியவற்றையும் பாடம் கேட்பதன் பகுதியாகவே நன்னூல் வைக்கிறது.

● அந்த அசைபோடலுக்கு 2006இல் ஆய்வகச் சான்றும் கிடைத்தது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் மாணவர்களுக்குப் பத்திகளைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதையே திரும்பத் திரும்ப நான்கு சுற்றுப் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மூன்று சுற்றுகள் தாளை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 விழுக்காடு, மூடி வைத்து எழுதியவர்களுக்கு சுமார் 61 விழுக்காடு. பத்தியைப் படித்ததும் கேள்விக்குத் தாவாமல், தாளைக் கவிழ்த்து வைத்து அதில் என்ன இருந்தது என்று தமிழிலாவது இரண்டு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். தமிழில் சொல்ல முடியவில்லை என்றால் ஆங்கிலம் புரியவில்லை என்று பொருள்.

● குழப்பும் இரண்டு சொற்களை ஒரே நாளில் ஜோடியாகப் படிப்பதுதான் குழப்பத்தை வளர்க்கிறது என்றால் நம்புவீர்களா? எழுத்தும் ஒலியும் ஒத்த சொற்களைக் கற்பவர்கள் எப்படிக் குழப்பிக்கொள்கிறார்கள் என்று பாட்டியா லாஃபர் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நியூசிலாந்தின் பால் நேஷன் சொல்லும் வழி எளிது. ஒத்த சொற்களைச் சேர்த்துக் கற்பிக்காதீர்கள், ஒன்று நன்றாக வேரூன்றிய பிறகு மற்றதைக் கொண்டுவாருங்கள். இரண்டும் அரைகுறையாக இருக்கும்போது சேர்த்து வைத்தால், எது எந்தப் பக்கம் என்பதே மறந்துபோகும். கடைகளில் விற்கும் ‘ஐந்நூறு குழப்பும் சொற்கள்’ வகைப் பட்டியல்கள் செய்வது நேர் எதிரானது. பட்டியலை முழுக்கத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தெரிந்ததைச் சரிபார்க்க அது உதவும், புதிதாகக் கற்க உதவாது.

● ‘அஃபெக்ட்’ பெரும்பாலும் வினை, ‘எஃபெக்ட்’ பெரும்பாலும் பெயர். பின்பெய்த மழை உளுந்தை ‘அஃபெக்ட்’ செய்தது, விலை ஏறியது அதன் ‘எஃபெக்ட்’. ‘பெரும்பாலும்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ‘எஃபெக்ட்’ வினையாக வந்தால் ‘நிறைவேற்று, நடத்திக் காட்டு’ என்று பொருள். அரசாணைகளில் அடிக்கடி வரும்.

● பயிற்சி என்ற பெயருக்கு ‘ப்ராக்டிஸ்’ சி-யோடு, பயிற்சி செய் என்ற வினைக்கு எஸ்-ஸோடு. ‘லைசென்ஸ்’ அப்படியே. இது பிரிட்டிஷ் வழக்கு, நம் பாடப்புத்தகங்களும் இதையே பின்பற்றுகின்றன. அமெரிக்கர்கள் பயிற்சிக்கு இரண்டு இடத்திலும் சி, லைசென்ஸுக்கு இரண்டு இடத்திலும் எஸ் போடுவார்கள். கணினியின் பிழைதிருத்தி அமெரிக்க வழக்குக்கு வைக்கப்பட்டிருந்தால் உங்கள் சரியான எழுத்துக்கும் சிவப்புக் கோடு போடும். பயப்பட வேண்டாம். ‘அட்வைஸ்’ மட்டும் எல்லா நாட்டிலும் பிரிந்தே இருக்கிறது, அங்கே ஒலியும் வேறு.

● கயத்தாறு பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. காற்றும் கயிற்றைச் சுற்றுவதும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து: முன்னது ‘விண்ட்’, பின்னது ‘வைண்ட்’. கண்ணீரும் கிழிப்பதும் அப்படி: ‘டியர்’, ‘டேர்’. இந்த வகைச் சொற்களை உரக்கப் படிக்க வேண்டுமென்றால் பொருள் முதலில் புரிந்தாக வேண்டும், புரியாமல் வாயைத் திறக்க முடியாது. வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பத்தி புரிந்ததா என்று அறிய ஆசிரியருக்கு இது நல்ல கருவி.

● நன்றாக வாசிக்கும் பிள்ளை, விஷயம் தெரிந்த பிள்ளை — பத்தியைப் புரிந்துகொள்வதில் யார் முந்துவார்கள்? 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 64 பள்ளிப் பிள்ளைகளுக்கு பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்புத் தேர்வில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை விஞ்சினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் வினாத்தாள்கள்தான் நினைவுக்கு வந்தன. பனிச்சறுக்கு, லண்டன் சுரங்க ரயில், கடலோடிகளின் சாகசம் என்று வரும் பத்திகளில் கரிசல் பிள்ளை இரண்டு சுமையைத் தூக்குகிறது: தெரியாத மொழி, தெரியாத உலகம். அதே பிள்ளைக்கு ஹாக்கி பற்றி, பருத்தியில் வரும் புழு பற்றி, 2020இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது பற்றி ஒரு பத்தி கொடுத்துப் பாருங்கள். மொழிச்சுமை மட்டும்தான் மிஞ்சும், அதைத் தூக்கிவிடும். பழகும் காலத்தில் தெரிந்த உலகத்திலிருந்து தொடங்குவதுதான் நியாயம். ஆசிரியர்கள் வாரம் ஒரு பத்தி இப்படித் தாங்களே எழுதினால் போதும், ஓர் ஆண்டில் நல்ல தொகுப்பு சேர்ந்துவிடும்.

● பள்ளியைப் பாதியில் விடும் பிள்ளைக்கும் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும் என்று கவலைப்பட்ட ஆங்கில ஆசிரியர் ஒருவர் அன்றைய இந்தியாவில் இருந்தார். மைக்கேல் வெஸ்ட், வங்காளத்தின் டாக்காவில் பணிபுரிந்தவர். பேச்சை முதலில் கற்பிக்க எல்லோரும் முயன்ற காலத்தில், வாசிப்பை முதலில் கொடுங்கள், இரண்டு வருடம் படித்துவிட்டு நின்றாலும் அது பயன்படும் என்று 1926இல் வெளியான தன் நூலில் வாதாடினார். அவர் தொகுத்து 1953இல் வெளியான அடிப்படைச் சொற்பட்டியலில் இருப்பவை சுமார் 2,000 தலைச்சொற்கள். பொதுவான ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை அவையே நிரப்பிவிடுகின்றன.

● மீதிப் பங்குதான் கடினம். யார் உதவியும் இல்லாமல் ஒரு பத்தியைப் புரிந்துகொள்ள அதில் 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது பால் நேஷனின் கணக்கு. அதாவது 50 சொற்களுக்கு ஒரு புதுச்சொல். அதற்குமேல் புதுச்சொல் வரும் பத்தி உங்களுக்கு இப்போதைக்குப் பயிற்சிப் பத்தி அல்ல, எளியதை எடுங்கள்.

● பேருந்து நேர அட்டவணையும் பாடம்தான். 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்பவர் பெங்களூர், சென்னைப் பக்கத்துச் சாதாரணப் பள்ளிகளில் ஒரு முயற்சி நடத்தினார். இலக்கணம் தனியே இல்லை, சொற்பட்டியல் இல்லை. ரயில் நேரம், வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, ‘இத்தனை மணிக்கு அங்கே சேர எந்த வண்டி’ என்பது போன்ற புதிர்களை ஆங்கிலத்திலேயே அவிழ்க்கச் சொன்னார். உலகெங்கும் மொழி ஆசிரியர்கள் இன்று பேசும் ‘செயல்வழி மொழிக்கல்வி’க்கு முன்னோடிகளில் ஒன்று தென்னிந்திய வகுப்பறைகளில் நடந்தது. கோவில்பட்டி–பசுவந்தனைப் பேருந்து நேரத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கரும்பலகையில் ஒட்டினால் நாளையே ஒரு வகுப்பு நடத்திவிடலாம்.

● இடைசெவல் கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். ஒரு வட்டாரத்து மக்கள் வாயில் புழங்கிய சொற்களை இப்படித் திரட்ட முடியும் என்று அது காட்டியது. ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளும் இப்படி ஒரு சொந்த அகராதி வைத்துக்கொள்ளலாம். புதுச்சொல்லை மட்டும் எழுதாமல், அது கிடைத்த வாக்கியத்தையும் கூடவே எழுதினால்தான் அது அகராதி.

● 2009ஆம் ஆண்டுக்கான பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டில் தமிழ்நாட்டு 15 வயதுப் பிள்ளைகளும் கலந்துகொண்டார்கள். வாசிப்பில் வளர்ந்த நாடுகளின் சராசரி 493, நமக்குக் கிடைத்தது 337. அந்தத் தேர்வின் கேள்விகளில் பல, மனப்பாடத்தால் விடை சொல்ல முடியாதவை. விளம்பரம், அறிவிப்பு, வரைபடம் போன்றவற்றைப் படித்து யோசிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அறிவு போதவில்லை என்று இதற்குப் பொருள் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட பத்தியை அவர்கள் கையில் நாம் கொடுக்கவே இல்லை.

● குரூப் 4 தேர்வில் இப்போது பொது ஆங்கிலம் கிடையாது, தமிழ்தான். அதனால் ஆங்கிலத்தைக் கட்டி வைத்துவிட்டவர்களுக்கு ஒரு நினைவூட்டல். எஸ்.எஸ்.சி. பட்டதாரி நிலை முதல் கட்டத் தேர்வில் 60 நிமிடத்துக்கு 100 கேள்வி, அதில் 25 ஆங்கிலம், தவறான விடைக்கு அரை மதிப்பெண் கழிவு. குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் ஆங்கிலத் தாள் 300 மதிப்பெண். அதில் 25 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற தாள்கள் மதிப்பிடப்படாமலே போகும். அந்தத் தாளிலும் பத்தி படித்து விடை எழுதும் கேள்வி உண்டு.

● கடைசியாக, விஷயம் தெரிந்த பிள்ளைக்கே வரும் ஓர் ஆபத்து. ‘வண்டல் மண்ணில் பருத்தி நன்றாக விளைகிறது’ என்று ஒரு பத்தி சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். பருத்திக்கு ஏற்றது எந்த மண் என்று கேள்வி. கரிசல் பிள்ளையின் கை தானாகவே கரிசல் மண்ணுக்குப் போகும். கேள்வி ‘பத்தியின்படி’ என்று தொடங்கினால் விடை வண்டல்தான். ‘பத்தியிலிருந்து ஊகிக்கலாம்’ என்று கேட்டால், பத்தியில் நேராகச் சொல்லாத ஒன்றை அதன் வரிகளை மட்டும் வைத்துத் தேட வேண்டும். ‘ஆசிரியரின் கருத்தை ஏற்கிறீர்களா’ என்று கேட்டால் அப்போது எழுதுங்கள், உங்கள் தாத்தா எந்த மண்ணில் பருத்தி போட்டார், எத்தனை மழைக்கு அது காய்ப்புப் பிடித்தது என்று.